ஆவுடையப்பனின் ‘ஐ’யும் ‘மீ’யும்

“டீச்சர், ‘பேத்தியும் நானும்’னு சொல்லணும். ஐ போடவா, மீ போடவா?”

கேட்டவர் ஆவுடையப்பன். வயது அறுபத்திரண்டு. முப்பது வருசம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். கொண்டை ஊசி வளைவில் வேர்க்காத மனுசனுக்கு இந்த ரெண்டு இங்கிலீஷ் சொல்லைக் கண்டால் வேர்த்துக் கொட்டும். ஐ முன்னால், மீ பின்னால் என்று நோட்டில் நாற்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறார்.

டீச்சர் ஜெசிந்தாவுக்கு இருபத்தாறு. பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கிறாள்.

“எட்டு மாசமா இதையேதான் கேக்கீங்க அண்ணாச்சி.”

“வெள்ளிக்கிழம பேத்தி கனடாவுலேருந்து வந்து இறங்கிருவா டீச்சர். பன்னெண்டு நாள் இருப்பா. அப்பன் வடக்கத்திக்காரன், அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நான் என்னத்தப் பேச?”

“போன்ல என்ன பேசுவீங்க?”

பேசினால் அல்லவா. பொங்கலன்று ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். ஐ வரவேண்டிய இடத்தில் மீ வந்துவிட்டது. மருமகன் சிரித்துத் தொலைத்தான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போனில் பேத்தி முகம் வந்ததுமே, “மோட்டார் போட்டுட்டு வாரேன்” என்று எழுந்து போய்விடுவார். தொட்டி நிறைந்து தெருவில் தண்ணீர் ஓடும். மனுசன் வரமாட்டார்.

“தப்பாப் பேசி, பிள்ள நம்மள எளக்காரமா நெனச்சிட்டா?” நோட்டைப் புரட்டினார். “மொதல்ல சரியாப் படிச்சிருதேன் டீச்சர். அப்புறம் பேசுதேன்.”

“போனைக் கொடுங்க.”

கொடுத்தார்.

ஜெசிந்தா அவர் மகளைக் கூப்பிட்டுப் பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னாள். அங்கே காலை நேரம். ஆவுடையப்பன் சடக்கென்று எழுந்தார். அந்த மாடியில் போடுவதற்கு மோட்டார் ஏது? சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

திரையில் பேத்தி இஷானி வந்தாள். ஆறு வயது. முன்பல் ரெண்டும் விழுந்திருந்தது.

தாத்தாவிடம் ஏதாவது கேட்கணுமா என்று டீச்சர் இங்கிலீஷில் கேட்டாள்.

பிள்ளை கொஞ்சம் யோசித்தது. பிறகு மெதுவாக இங்கிலீஷில் சொன்னது. எட்டு மாசப் படிப்பு வீண்போகவில்லை. ஒரு சொல் விடாமல் அவருக்குப் புரிந்தது.

தாத்தாவுக்கு என் மேல் என்ன கோபம்? என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விடுகிறாரே. நான் அங்கே வந்தாலும் போய்விடுவாரா?

ஆவுடையப்பன் சுவரை விட்டு முன்னால் வந்தார்.

“அப்படியெல்லாம் இல்லேன்னு சொல்லுங்க டீச்சர்.”

ஜெசிந்தா போனை அவர் பக்கம் திருப்பினாள்.

“கேள்வி எனக்கில்ல அண்ணாச்சி.”

“நோ” என்றார் ஆவுடையப்பன். “நோ, கண்ணு. நோ, நோ.”