மெல்லக் கூப்பிட்டவர்

“அம்மை, கடவுளுக்குக் காது கேக்காதா?” என்றார் குழந்தைவேலு.

மங்கையம்மை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

“என்ன கேட்டீங்க அவர்கிட்ட?”

“அரிசிதான். வேற என்னத்தைக் கேப்பேன்? அரிசி ஆலைக்காரர் நொடிச்சுப்போய் ஆலையை மூடிட்டார். இனிமே மாசாமாசம் மூட்டை வராது. தொண்டை கிழியக் கத்தாத குறையா வேண்டிக்கிட்டிருக்கேன்.”

“பதில் வரலையா?”

“பானையில இருக்கு பதில். எட்டிப் பாருங்க.”

அம்மை எட்டிப் பார்த்தார். அரிசிக்கு ஊடே பானையின் அடி தெரிந்தது.

குழந்தைவேலு அறுபது வயதில் மடத்துக்கு வந்தவர். அதற்கு முன் மளிகைக்கடை வைத்திருந்தார். மடத்தை நடத்தும் அம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். அம்மை சொன்னால் எதையும் செய்வார். அரிசி விஷயத்தில் மட்டும் மறுபடி கடைக்காரராகிவிடுவார்.

மடம் பழனிச் சாலையோரம் இருந்தது. இப்போது அவர்கள் இருவர்தான். அங்கே ஒரு வழக்கம். உச்சிப்பொழுதில் சோறு வடித்ததும் யாரும் உடனே இலையில் உட்காரக் கூடாது. ஒருவர் சாலைக்குப் போய், இரு பக்கமும் திரும்பி, “சாப்பிடாதவங்க இருந்தா வாங்க” என்று கூப்பிட வேண்டும். வருகிறவர்கள் உண்ட பிறகே மடத்துக்காரர்கள் உண்ணலாம்.

கூப்பிடுவது குழந்தைவேலுவின் வேலை.

“இருக்கிறதை மொத்தமா போட்டுடுங்க, ஐயா.”

“மொத்தமாவா? பாதி போட்டா நாளைக்கும் ஆகுமே.”

“உலை கொதிக்குது பாருங்க.”

போட்டார். வெந்தது. வடித்த சோற்றைப் பார்த்துக் கணக்குப் போட்டார். யாரும் வராவிட்டால் பாதிக்குத் தண்ணீர் ஊற்றிவைக்கலாம். நாளைக்கு ஆகும். கரைத்துக் குடித்தால் அதற்கு மறுநாளும் ஓட்டிவிடலாம்.

கூப்பிடப் போனார்.

பாதயாத்திரைக் காலம் இல்லை. சாலை வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு லாரி வந்தது. அது பக்கத்தில் வரும்வரை காத்திருந்தார். அதன் இரைச்சலுக்குள் வாயைத் திறந்தார்.

“சாப்பிடாதவங்க இருந்தா வாங்க.”

உதடு அசைந்தது. அவ்வளவுதான். மறுபக்கம் திரும்பி இன்னொரு முறை, அதைவிட மெல்ல.

வழக்கத்தை மீறவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

திரும்பி வந்து கால் கழுவும்போது, வாசல் படலைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை. பின்னால் அவளுடைய அப்பா.

“கூப்பிட்டீங்களே” என்றாள்.

குழந்தைவேலு செம்பைக் கீழே வைத்தார்.

“நானா?”

“நீங்கதானே? சாப்பிடாதவங்க வாங்கன்னு.”

“எங்கேம்மா இருந்தீங்க?”

“ரோட்டுக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில.”

“லாரிச் சத்தத்துல எப்படிக் கேட்டுச்சு?”

“இங்கே கூப்பிடுவாங்கன்னு வழியில சொன்னாங்க. காலையிலேர்ந்து அதுக்கே காதைக் குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். வேற சத்தம் எதுவும் காதுல ஏறலைங்க.”

உண்டார்கள். கிழவர் மறுபடி மறுபடி ரசம் கேட்டார்.

“ரசம் பிரமாதம்” என்றார். “கூப்பிடுற குரல்தான் பத்தலை. பாவம், நீங்களும் சாப்பிட்டு ரெண்டு நாளாச்சோ?”

அம்மை சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அவர்கள் போனபின் பானையில் ஆளுக்கு ஒரு கைப்பிடிதான் மிஞ்சியது. அதைத் தின்று முடித்ததும் குழந்தைவேலு சொன்னார்:

“நான் மெல்லத்தான் கூப்பிட்டேன், அம்மை.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? என்னைத் திட்டிட்டு நீங்களே போய்க் கூப்பிட்டிருக்கலாமே.”

“அதான் அவங்களுக்குக் கேட்டுடுச்சே.”

குழந்தைவேலு காலிப் பானையைக் கழுவிக் கவிழ்த்தார்.

மறுநாள் அடுப்பு எரியவில்லை. உச்சியில் அம்மை அவரைத் தேடி வெளியே வந்தார்.

குழந்தைவேலு சாலையோரம் நின்றிருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தார். வாயைத் திறக்கவில்லை.

“சோறே இல்லையே, ஐயா. யாரைக் கூப்பிட வந்தீங்க?”

அவர் திரும்பாமலே கையை உயர்த்தினார்.

“கொஞ்சம் பேசாம இருங்க, அம்மை. கடவுளும் மெல்லத்தான் கூப்பிடுறாரோ என்னவோ.”