மாயாவி கடித்த காட்டுச்சேனை

முன்னொரு காலத்தில், மலையும் மேகமும் பேசிக்கொண்டிருந்த நாளில், வேங்கைமலையில் வீராயி, பூவாயி என்று அக்கா தங்கை இருவர் கிழங்கு தோண்டிப் பிழைத்தார்கள். உச்சியில் கோட்டை கட்டியிருந்த கிழட்டு மாயாவி மகரகண்டன் ஒருநாள் இறங்கி வந்து தங்கையைப் பெண் கேட்டான்.

"உன்னை எனக்குப் பிடிக்கலை" என்றாள் பூவாயி.

அவன் மூன்றெழுத்து மந்திரத்தை முணுமுணுத்தான். பூவாயி காட்டுச்சேனைப் பூவாகிவிட்டாள். கருஞ்சிவப்பு நிறம், செத்த எலியின் நாற்றம். கிழங்கோடு பெயர்த்துப் போய்த் தன் தோட்டத்தில் நட்டான். அவனை வேண்டாமென்ற நாற்பது பெண்கள் அங்கே பூக்களாக நின்றார்கள்.

வீராயி பின்னாலேயே ஓடினாள். "என் தங்கச்சியைக் குடுங்க சாமி."

"மூன்று கோடை தாண்டி இது பூத்தால் கூட்டிப் போ. பூக்காவிட்டால் நீயும் இங்கே ஒரு பூ."

"சரி" என்று வீராயி அந்தத் தோட்டத்திலேயே தங்கிவிட்டாள்.

ஐந்தே நாளில் பூ சுருங்கி விழுந்தது. மாயாவி சிரித்தான். வீராயி மண்ணைத் தட்டிக் கொடுத்தாள். "மேலே வாடினா என்ன, கீழே இருக்கா என் தங்கச்சி."

கோடை காய்ந்தது, மழை பெய்தது. ஒரு காலையில் குப்பென்று எலி நாற்றம். வீராயி துள்ளிக் குதித்தாள்.

இரண்டாம் கோடையில் மாயாவி தோட்டத்து மூலைக்கே தீ வைத்தான். "மேலே எரிஞ்சா என்ன, கீழே இருக்கா என் தங்கச்சி." மழை வந்தது, பூவும் வந்தது.

மூன்றாம் கோடையில் கடப்பாரை எடுத்துக் கிழங்கையே தோண்டினான். அடுப்பில் உலை கொதித்தது. வீராயி ஓடிவந்து பார்த்தாள். கீழே இப்போது வெறும் குழி.

சூரியன் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. தினமும் உச்சிப்பொழுதில் மாயாவி அந்த மந்திரத்தை மறுபடி சொன்னால்தான் மாயம் நிற்கும் என்பதை மூன்று வருஷமாகப் பார்த்திருக்கிறாளே.

"வேக வைக்காதீங்க சாமி" என்றாள். "அவ இளமையெல்லாம் தண்ணியோட போயிடும். பச்சையாத் தின்னா உங்களுக்கு வரும்."

கிழவனுக்கு ஆசை. ஓரமாக ஒரு கடி கடித்தான். வீராயி கண்ணை மூடிக்கொண்டாள்.

பச்சைச்சேனை சும்மா விடுமா? உதடு அரித்தது, தொண்டை அரித்தது, நாக்கு பணியாரமாய் உப்பியது. மந்திரம் சொல்ல வாயைத் திறந்தான். "ழ... ழ... ழ..." அதற்குமேல் வரவில்லை. உச்சிப்பொழுது கடந்தது.

கிழங்கு அவன் கையிலிருந்து எகிறிக் குதித்தது. பூவாயி நின்றாள், குதிகாலில் பல்தடத்தோடு.

"கடிக்கச் சொன்னது நீயாக்கா?"

"வேற வழி தெரியலைடி" என்று அழுதபடி கட்டிக்கொண்டாள் வீராயி.

சுற்றிலும் நாற்பது பூக்களும் பெண்களாகிக் கூவினார்கள். கோட்டை பொடிப்பொடியானது. மாயாவி தொண்டையைச் சொறிந்தபடி ஓடியவன்தான், இன்னும் நிற்கவில்லையாம்.

மலை முழுக்கப் பறை முழங்கியது. பெண்களைப் பெற்றவர்கள் கூடி வீராயியைத் தங்கள் தலைவியாக்கினார்கள். தலைவியோ அன்று நடந்தே மலையிறங்கினாள். கால் வலிக்கிறது என்று சொல்லி, பூவாயி அவள் முதுகில் ஏறிக்கொண்டாள்.