மாறி விழுந்த சங்கு

“உளியைத் திருப்பிக் கொடுத்துடறேன் டீச்சர்” என்றாள் வேலம்மாள்.

தூத்துக்குடியில் துணிக்கு அச்சுப் போடும் அந்தப் பட்டறையில் சட்டம் ஒன்றுதான். மரக்கட்டையில் படத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும்; அப்போதுதான் துணியில் நேராக விழும். மறந்தவர் உளியைக் கொடுத்துவிட்டுச் சாயத் தொட்டிக்குத் திரும்ப வேண்டும்.

வேலம்மாள் கடலே இல்லாத ஈரோட்டுக்காரி. ஐம்பது வயதுக்கு மேல் வந்து சேர்ந்து, கையெல்லாம் ஊதாவாகும் வரை சாயம் கலக்கி வாங்கிய உளி அது. முதல் கட்டையிலேயே கோட்டை விட்டுவிட்டாள்.

ரோஸ்லின் டீச்சர் அவளைவிட இளையவள். துணியில் விழுந்திருந்த சங்கைப் பார்த்தாள்.

“எதைப் பார்த்துச் செதுக்குனீங்க அக்கா?”

வேலம்மாள் புத்தகத்தைக் காட்டினாள். இருநூறு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் நம் கடல் சங்குகளைச் செம்புத் தகட்டில் வெட்டி அச்சிட்ட பக்கம்; அடியில் பொடி எழுத்தில் அவர் பெயர்.

“படத்துல வாய் ஒரு பக்கம். என் துணியில மறுபக்கம். அப்படியே பார்த்து வெட்டித் தொலைச்சிட்டேன்.”

டீச்சர் தெருமுனையில் சங்கு குளிப்பவர் வீட்டுக்குப் போய், கடலில் எடுத்த சங்கு ஒன்றை வாங்கி வந்தாள். துணியில் விழுந்த சங்கின் பக்கத்தில் வைத்தாள்.

வாய்க்கு வாய், சுழிக்குச் சுழி ஒத்துப்போனது.

“எப்படி டீச்சர்?”

“வலம்புரி லட்சத்துல ஒண்ணு கிடைச்சா பெரிசு. இவர் பக்கத்தைப் பாருங்க. எல்லாமே வலம்புரி.”

வேலம்மாள் பார்த்தாள். மெல்லப் புரிந்தது.

“இவரும் மாத்த மறந்துட்டாரா?”

“ம்.”

எந்த ஊரிலோ உட்கார்ந்து அவர் மறந்ததை இவள் இங்கே மறந்து நேராக்கியிருக்கிறாள். நடுவில் இருநூறு வருஷம், அத்தனை கடல். சங்கு மட்டும் வழி தவறாமல் வந்து சேர்ந்துவிட்டது. வேலம்மாளுக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

ஆனாலும் மறந்தது மறந்ததுதான். உளியை நீட்டியபடி கேட்டாள்.

“தப்பு தெரிஞ்சதும் அவரு என்ன செஞ்சிருப்பாரு? உளியைக் கீழே வச்சிருப்பாரா?”

டீச்சர் உளியை வாங்கவில்லை. புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

மீசையில் ஒரு முள்ளைக்கூட விடாமல் வெட்டிய சிங்கி இறால். அடியில் அதே பெயர்.