நாச்சாயி போடாத முடிச்சு

மலைக்கு வடக்கே ஒரு ஊர் இருந்தது. பேர் எதற்கு, நீங்கள் அந்த ஊருக்குப் போகப்போவதில்லை. அந்த ஊரில் நாச்சாயி, நாச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் செங்கோடன், அரண்மனைக் குதிரைகளுக்குப் புல் அறுத்துப் போடுகிறவன். அவன் புல் அறுப்பான், அறுக்கும்போது பாடுவான். அவள் போர்வை தைப்பாள், தைக்கும்போது பேச மாட்டாள். அப்படி ஒரு குடித்தனம்.

ஒரு நாள் ராணி செத்துப்போனாள். ஊரே வாயை மூடிக்கொண்டது. செங்கோடனுக்கு மட்டும் சேதி தெரியாது, ஏனென்றால் அவன் மூணு நாளாக மலைச்சரிவில் புல்லுக்குள் கிடந்தான். நாலாம் நாள் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, பாடிக்கொண்டே அரண்மனை வாசலுக்குள் வந்தான். ராஜா மாடத்தில் உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்தது.

"எம் பொண்டாட்டி போயிட்டா, இவனுக்குப் பாட்டு கேக்குதா? கொண்டுபோய்க் கொட்டடியில போடு" என்றார்.

போட்டார்கள். கொட்டடி என்றால் நாலு பக்கமும் பாறை, மேலே சாண் அகலத்துக்கு ஒரு ஓட்டை. நாச்சாயி தினமும் போய் அந்தச் சுவருக்கு வெளியே நிற்பாள். முதல் மாசம் உள்ளேயிருந்து பாட்டு வந்தது. ரெண்டாம் மாசம் இருமல் வந்தது. மூணாம் மாசம் ஒன்றும் வரவில்லை. "இருக்கியா மாமா?" என்று கேட்டால் சுவரில் ஒரு தட்டுத் தட்டுவான். அதுதான் பதில்.

அவன் கதை அப்படி. ராஜா கதை என்ன தெரியுமா? அவருக்குக் குளிர் பிடித்துக்கொண்டது. வெளியே சித்திரை வெயில் கல்லைப் பிளக்கிறது, உள்ளே மனுஷர் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்குகிறார். வைத்தியர் வந்து தைலம் தேய்த்தார், குளிர் போகவில்லை. கட்டிலைச் சுற்றிக் கணப்புச் சட்டி வைத்தார்கள், குளிர் போகவில்லை. தூர தேசத்துக் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினார்கள், குளிர் போகவில்லை. தூக்கமும் இல்லை.

நாச்சாயி நேரே சபைக்குப் போய் நின்றாள்.

"மகராசா, நான் ஒரு போர்வை தைச்சுத் தர்றேனுங்க. குளிர் விடும்."

"எங்கிட்ட இல்லாத போர்வையா?"

"உங்ககிட்ட இருக்கறதெல்லாம் வாங்குன போர்வைங்க. நான் சொல்றது ராணியம்மா உடுத்துன புடவையில தைக்கற போர்வை."

ராஜா ராணியின் பட்டுப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

"பட்டு வேண்டாமுங்க. பட்டு வழுக்கும், சூடு தங்காது. வீட்டுல உடுத்தி, தொவைச்சு தொவைச்சு நைஞ்சுபோன நூல்புடவை குடுங்க. சாயம் போயிருந்தா இன்னும் நல்லது."

பணிப்பெண்கள் உள்ளே போய் ஒன்பது புடவை எடுத்து வந்தார்கள். அதில் ஒன்று சமையலில் மஞ்சள் பட்டது. ஒன்று முந்தானை கிழிந்தது. ஒன்று ராணி நோயில் கிடந்தபோது கட்டியிருந்தது. ராஜா அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதுக்கு உனக்கு என்ன வேணும்?"

"எம் புருசன் வேணும்."

ராஜா யோசித்தார். பிறகு சபை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"சரி. முடிச்சு எங்கைக்கு வரட்டும். வந்த நாழிகையே அவனை விடுறேன்."

சபை கேட்டது. மணியக்காரர் ராக்கியண்ணனும் கேட்டார். அவர் யாரென்றால், அரண்மனையில் எல்லா வேலையையும் மேற்பார்வை பார்க்கிறவர். பார்க்கிறவர்தான், செய்கிறவர் இல்லை. தன் மகனுக்குத் தளவாய் உத்தியோகம் வேண்டுமென்று மூணு வருஷமாக ராஜாவின் காலைச் சுற்றிக்கொண்டிருந்தார். ராஜாவின் குளிரை விரட்டுகிறவனுக்கு ராஜா எதையும் கொடுப்பார் என்று அவருக்குப் பட்டது. அந்த நினைப்போடு வீட்டுக்குப் போனார்.

நாச்சாயி தைக்க உட்கார்ந்தாள். தரையைச் சாணி போட்டு மெழுகி, காயவிட்டு, ஒன்பது புடவையையும் ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் போகத் தடவித் தடவி, நாலு மூலைக்கும் நாலு கல் வைத்தாள். அப்புறம் ஓரத்தில் ஊசியை இறக்கினாள். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி உள்ளே போகிற தையல் அது, செக்கு மாடு போல. கடைசித் தையல் நட்டநடுவில் விழும். வரிக்கும் வரிக்கும் விரற்கடை இடைவெளி, கூடாது, குறையாது.

பத்தாம் நாள் மணியக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன நாச்சாயி, முடிஞ்சுதா?"

"இல்லீங்க."

"இந்த வேகத்துல போனா உம் புருசனோட எலும்பைத்தான் கூட்டிக்கிட்டு வருவே."

"எலும்பும் எம்பட எலும்புதானுங்க" என்றாள், தலையைத் தூக்காமல்.

இருபதாம் நாள் வந்தார்.

"முடிஞ்சுதா?"

"இல்லீங்க. நடுவுக்குப் போகணும்."

"நடுவுல என்ன, புதையலா இருக்கு?"

"வந்து உக்காந்து தைங்க, தெரியும்."

முப்பத்தொன்பதாம் நாள் வந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிச்சு ஒண்ணுதானுங்க பாக்கி. நாளைக்குக் காலையில ஆத்துல குளிச்சுட்டு வந்து."

மணியக்காரர் போர்வையைப் பார்த்தார். ஓட்டை இல்லை, விடுபட்ட இடம் இல்லை. முடிச்சாவது ஒன்றாவது என்று நினைத்தார். கிழிந்த வேட்டியைக்கூடத் தைத்தறியாத மனுஷர், அவருக்கு எங்கே தெரியும்?

உங்களுக்கும் தெரியாது, கேளுங்கள். அந்த ஊரில் போர்வைக்கு ஒரே முடிச்சுத்தான். நூல் தீர்ந்தால் முடிச்சுப் போட மாட்டார்கள். தீர்ந்த நுனியையும் புது நுனியையும் எச்சில் தொட்டு முறுக்கி ஒன்றாக்கிவிடுவார்கள். முடிச்சு உடம்பை உறுத்தும், தூக்கத்தைக் கெடுக்கும். எல்லாம் தைத்த பிறகு, குளித்து, வெறும் வயிற்றோடு வந்து, நடுவில் ஒரே ஒரு முடிச்சுப் போடுவார்கள். அதைப் போடாதவரை அது போர்வை இல்லை. வெறும் ஒன்பது புடவை.

மறுநாள் விடிந்ததும் நாச்சாயி ஆற்றுக்குப் போனாள். ஈரப் புடவையோடு திரும்பி வந்தாள். தரையில் நாலு கல் இருந்தது, போர்வை இல்லை.

எதிர்வீட்டுக்காரி மாவாட்டிக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "ஏண்டி, மணியக்காரர் பொண்டாட்டி பாவாயி வந்து சுருட்டி எடுத்துக்கிட்டுப் போனாளே. நீ குடுத்துவிட்டேன்னு சொன்னா. குடுத்தியா?"

"குடுக்கலையக்கா."

ஓடினாள். முள்ளென்று பார்க்கவில்லை, கல்லென்று பார்க்கவில்லை, தலை சொட்டுவதையும் பார்க்கவில்லை. அரண்மனைக் கதவில் காவல்காரன் கையை நீட்டி மறித்தான்.

"சத்தம் போடாதே. மகராசா தூங்கறாரு."

"தூங்கறாரா?"

"போர்வை வந்துச்சு. போத்துன உடனே தூங்கிட்டாரு. இத்தனை நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான்."

நாச்சாயி சுவரோரம் நின்றாள். எழுப்பியிருக்கலாமே என்பீர்கள். எழுப்பவில்லை. கொட்டடிச் சுவர் அங்கேயிருந்து தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு உச்சிவேளை வரைக்கும் நின்றாள். தூங்குகிறவரை எழுப்ப அவளுக்குக் கை வராது. அவள் தொழில் அப்படி.

ராஜா எழுந்தார். போர்வையோடு வந்து சபையில் உட்கார்ந்தார். முகத்தில் இரத்தம் ஓடியிருந்தது. மணியக்காரரும் பாவாயியும் முன்னால் நின்றார்கள். நாச்சாயியும் உள்ளே வந்து நின்றாள்.

"எம் பொண்டாட்டி கைவேலைங்க மகராசா. இந்த நாச்சாயி தன்னால ஆகாதுன்னு புடவையைக் கொண்டாந்து போட்டுட்டா. பாவாயிதான் நாப்பது நாளும் ஒக்காந்து தைச்சா. முதுகு போச்சுங்க அவளுக்கு."

"பொய்" என்றாள் நாச்சாயி. "மகராசா, போர்வையில எத்தனை முடிச்சு இருக்குன்னு அவளைக் கேளுங்க."

பாவாயி சிரித்தாள். "அதை யாரு எண்ணுவா? நூல் தீரத் தீர முடிச்சுத்தான். நூறு இருக்கும், எறநூறும் இருக்கும்."

ராஜா போர்வையைத் தடவிப் பார்த்தார், முடிச்சு இல்லை. பணிப்பெண் தடவினாள், முடிச்சு இல்லை. மணியக்காரர் விழுந்து விழுந்து தடவினார், முடிச்சு இல்லை.

"இருக்காதுங்க" என்றாள் நாச்சாயி. "எங்க போர்வைக்கு ஒரே முடிச்சு. அதை நான் இன்னும் போடலை."

உடனே மணியக்காரர், "ஆமாங்க, பாவாயியும் அதைத்தான் இன்னைக்குப் போடலாம்னு இருந்தா, மறந்து ஒளறிட்டா" என்றார். நாக்கு அப்படித் திரும்பியது.

ராஜாவுக்கு உண்மை தெரிந்துவிட்டது. தெரியாமலா இருக்கும்? ஆனால் உடம்பு கதகதப்பாக இருந்தது. எழுந்து விசாரிக்க, ஆளைப் பிடிக்க, அடிக்க, உதைக்க அவருக்கு மனசில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"யாரு தைச்சா என்ன? எனக்குக் குளிர் விட்டுது. போங்க எல்லாரும்."

"எம் புருசன்?"

"நீ எங்கிட்டக் குடுக்கலையே. குடுத்தது ராக்கியண்ணன்."

மணியக்காரர் மெதுவாக, "எம் மவன் விசயம்..." என்று ஆரம்பித்தார்.

நாச்சாயி நடந்து ராஜாவின் கிட்டே போனாள். காவல்காரன் வருவதற்குள் போர்வையின் நட்டநடுவில் ரெண்டு விரலை வைத்தாள். நூல் நுனி எங்கே படுத்திருக்கிறது என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நுனியைப் பிடித்தாள், இழுத்தாள்.

வந்தது. கிணற்றுக் கயிறு மாதிரி வந்துகொண்டே இருந்தது. முழங்கையில் சுற்றிச் சுற்றி இழுத்தாள். பத்து நாள் வேலை போனது, இருபது நாள் வேலை போனது, நாற்பது நாள் வேலையும் போனது. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, கை நிற்கவில்லை. கடைசி நுனி ஓரத்தை விட்டுக் கழன்றதும் ஒன்பது புடவையும் ராஜா மடியிலிருந்து தனித்தனியாகச் சரிந்து விழுந்தன. மஞ்சள் பட்டது ஒரு பக்கம். முந்தானை கிழிந்தது ஒரு பக்கம். நோயில் கட்டியிருந்தது அவர் காலடியில்.

ராஜாவுக்கு மறுபடியும் நடுக்கம் எடுத்தது.

"என்ன காரியம் பண்ணினே?"

நாச்சாயி அந்த நீள நூலின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டாள். பல்லால் கடித்து இறுக்கினாள். ராஜாவின் உள்ளங்கையைப் பிடித்து அதில் வைத்தாள்.

"முடிச்சு எங்கைக்கு வரட்டும்னு சொன்னீங்க. சபையே கேட்டுச்சு. வந்துருச்சுங்க."

ராஜா முடிச்சைப் பார்த்தார். கடுகளவு இருந்தது. காலடியில் கிடந்த புடவையைப் பார்த்தார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. நடுங்கிக்கொண்டே குனிந்து எடுத்தார்.

"கொட்டடியைத் திற" என்றார்.

செங்கோடனை ரெண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்தார்கள். நாச்சாயி அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். கனமே இல்லை.

மணியக்காரர் நைசாக நழுவப் பார்த்தார்.

"ராக்கியண்ணா, நில்லு" என்றார் ராஜா. "உம் பொண்டாட்டி நல்லாத் தைப்பாள்னு நீதானே சொன்னே?"

"மகராசா..."

"கொட்டடி காலியாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் உள்ள போய் ஒரு போர்வை தைங்க. முடிச்சு எங்கைக்கு வரட்டும், வந்த நாழிகையே விடுறேன். முடிச்சு ஒண்ணுதான் இருக்கணும்."

பழைய சாக்கும் ஊசியும் நூலும் உள்ளே போட்டார்கள். தைத்தார்கள். காவல்காரன் தடவிப் பார்த்தான், அறுபது முடிச்சு. பிரித்து உள்ளே போட்டான். மறுபடி தைத்தார்கள், நாற்பது முடிச்சு. பிரித்து உள்ளே போட்டான். மறுபடி தைத்தார்கள். நூலோடு நூலை முறுக்குகிற வித்தை நாச்சாயி சொல்லிக்கொடுத்தால்தான் வரும். அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் போகவில்லை. இன்னும் தைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் ராஜா? ஒன்பது புடவையையும் தானே தோளில் போட்டுக்கொண்டு, நடுங்கிக்கொண்டே நாச்சாயி வீட்டுக்கு வந்தார்.

"தைச்சுக் குடும்மா. இந்தத் தடவை சும்மா இருக்க மாட்டேன். என்ன செய்யணும் சொல்லு."

"மூலைக்குக் கல் பத்தலைங்க. ஒரு மூலையைப் புடிச்சுக்குங்க" என்றாள்.

நாற்பது நாளும் ராஜா தரையில் உட்கார்ந்து ஒரு மூலையைப் பிடித்தார். எதிர் மூலையில் செங்கோடன் சுவரில் சாய்ந்திருந்தான். ஒரு நாள் ராஜா கேட்டார்:

"அன்னைக்குப் பாடிக்கிட்டு வந்தியே, அதைப் பாடேன்."

செங்கோடன் வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது. ரொம்ப நேரம் இருமினான். ராஜா தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

நாற்பத்தோராம் நாள் நாச்சாயி ஆற்றில் குளித்து வந்து முடிச்சைப் போட்டாள். போர்வையை மடித்து ராஜா கையில் கொடுத்தாள். ராஜா அதை வாங்கினார், விரித்தார், செங்கோடனின் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டார். எழுந்து நடந்தார்.

ராஜாவுக்குக் குளிர் போனதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. செத்த அன்றுவரைக்கும் நடுங்கினார். போர்வையைத் திருப்பிக் கேட்கவில்லை.

அவ்வளவுதான். அடுத்தவள் கைவேலையைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு அந்த வேலையும் தெரிந்திருக்க வேண்டும். அவரவர் போர்வையை அவரவர் இழுத்துப் போர்த்துங்கள். விளக்கை அணைக்கிறேன்.