முப்பத்திரண்டு சாவிகளும் ஒரு தாலியும்

"இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொல்லு. எங்க இருக்குன்னு உன்னை யாரு கேட்டா?"

பஸ்ஸில் முன் சீட்டு அம்மாள் தன் மகளை அதட்டியது இது. அந்த அம்மாள் சுருக்கங்குளத்துக்காரியாகத்தான் இருக்க வேண்டும்.

சுருக்கங்குளத்தில் கேட்டதற்கு மட்டும்தான் பதில். முன்பொரு காலத்தில் அந்த ஊரில் ஒருவரிடம் பஸ் எப்போது என்று கேட்க, அவர் டிரைவரின் குடும்பக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டதாம். அன்றே ஊர் கூடி முடிவு செய்தது. கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும், ஒரு பகல் முழுக்க வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு சாவடியில் உட்கார வேண்டும்.

அந்த ஊர் மாப்பிள்ளை கதிரேசனுக்கும், பக்கத்து ஊர்ப் பெண் பொன்மயிலுக்கும் கல்யாணம். ஏற்கெனவே மூன்று முறை தள்ளிப்போன கல்யாணம். ஒன்பது மணிக்குள் தாலி ஏறாவிட்டால் அடுத்த முகூர்த்தம் தை மாதம்தான் என்று ஐயர் சொல்லிவிட்டார். பொன்மயில் மணமேடையில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு மணிக்குத்தான் தெரிந்தது, தாலி இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டி பூட்டியிருக்கிறது என்று. சாவிக்கொத்தில் முப்பத்திரண்டு சாவிகள். மாப்பிள்ளை வீட்டார் எந்தப் பழைய சாவியையும் தூக்கி எறிந்ததில்லை. அந்தப் பெட்டியை மாப்பிள்ளையின் தாய்மாமன்களைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது சம்பிரதாயம். தாய்மாமன்கள் மூன்று பேர்: வேலாண்டி, சடையப்பன், முத்தழகு.

பெண்ணின் அப்பா சொக்கலிங்கம் பதறிக்கொண்டு கேட்டார். "சம்பந்தி, இதுல பெட்டியைத் திறக்குற சாவி இருக்கா?"

மூவரும் பெட்டி இருந்த அறைக்குள் போனார்கள். பதினோராவது சாவியில் பெட்டி திறந்தது. பூட்டிவிட்டு வந்தார்கள்.

"இருக்கு" என்றார் வேலாண்டி.

"தாலி எங்க?"

"தாலியை நீங்க கேக்கலையே."

சொக்கலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, திறக்குற சாவி ஒண்ணைக் கண்டுபிடிச்சுக் கொண்டாங்க."

முன்பு திறந்தது எந்தச் சாவி என்று மூவருக்கும் நினைவில்லை. இருக்கா என்றுதானே கேட்டிருந்தார், எது என்று கேட்கவில்லையே. முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். திறந்தது. பூட்டினார்கள். அந்தச் சாவியைக் கழற்றிக் கொண்டுவந்து சொக்கலிங்கத்தின் உள்ளங்கையில் வைத்தார்கள்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஆமா, மொத்தம் எத்தனை சாவி அதைத் திறக்குமோ!"

"நியாயமான கேள்வி" என்றார் சடையப்பன். சாவியை வாங்கிக்கொண்டு மூவரும் திரும்பிப் போனார்கள்.

இந்தத் தடவை ஒரு சாவியும் பாக்கியில்லை. திறந்ததும் நிறுத்திவிட முடியாதல்லவா? கடைசிச் சாவி வரை போட்டுப் பார்த்துவிட்டு எட்டே முக்காலுக்கு வந்தார்கள்.

"நாலு" என்றார் முத்தழகு.

"ஐயோ! அந்த நாலுல எது சட்டுனு திறக்குதோ அதைப் பாருங்கப்பா!"

இதுதான் பெரிய வேலையாகப் போயிற்று. மூவரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"முதல்ல திறக்கிறதுதான் சட்டுனு திறக்கிறது" என்றார் வேலாண்டி.

"அதெப்படிண்ணே? அது முதல்ல போட்டதால முதல்ல திறக்குது. மத்த மூணும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் சடையப்பன்.

"ஒவ்வொண்ணையும் மத்த மூணோட மோத விடணும்" என்றார் முத்தழகு. "அதோட, ஒரே ஆள் திறந்தா கை களைச்சிரும். கடைசிச் சாவிக்கு அநியாயம்."

ஆள் மாற்றி ஆள் திறந்தார்கள், பூட்டினார்கள். பெட்டி திறக்கும்போதெல்லாம் மஞ்சள் துணியில் சுற்றிய தாலி அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி இருட்டுக்குள் போனது.

எட்டு ஐம்பத்தைந்துக்கு வெளியே வந்து, "பித்தளைச் சாவி" என்றார்கள்.

சொக்கலிங்கம் அழாத குறை. ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். "பித்தளைச் சாவியால பெட்டியைத் திறந்து, தாலியை எடுத்து, இங்க கொண்டாந்து, மாப்பிள்ளை கையில குடுங்க!"

"இப்படித் தெளிவாக் கேட்டாத்தானே தெரியும்" என்றார் வேலாண்டி.

ஒரு நிமிஷத்தில் தாலி கதிரேசன் கையில் இருந்தது. கூட்டம் பெருமூச்சு விட்டது. நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாரானார்.

"ம், கட்டுங்க" என்றார் ஐயர்.

கதிரேசன் தாலியைப் பார்த்தான். ஐயரைப் பார்த்தான். "எதுல?"

"கழுத்துல, மாப்ளே, கழுத்துல!" என்று கத்தினார் சொக்கலிங்கம்.

கதிரேசன் தலையை ஆட்டினான். பிறகு மண்டபத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். முன் வரிசை, பின் வரிசை, பந்திக்குக் காத்திருந்தவர்கள், தூணோரம் நின்றவர்கள் என்று எங்கு பார்த்தாலும் கழுத்துகள்.

முத்தழகு மேடையோரம் வந்து பணிவாகக் கேட்டார். "சம்பந்தி, மொத்தம் எத்தனை கழுத்துன்னு எண்ணிட்டு வரவா?"

மணி எட்டு ஐம்பத்தொன்பது.

பொன்மயில் எழுந்தாள். கதிரேசன் கையிலிருந்த தாலியை வாங்கி, அவன் கழுத்தில் மூன்று முடிச்சும் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.