தளவாய் கல்யாணமும் ஒரு பாட்டில் ஆயிலும்

ஊசிக்குளத்தில் ஒரு சமையல் கூட்டம் உண்டு. அடுப்புக்கு முன்னால் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அடுப்பை விட்டு நாலடி தள்ளி வந்தால் அவர்களுக்கு ஈடாகவும் ஆள் கிடையாது. கூட்டத்துக்குத் தலைவர் சுயம்புலிங்கம் அண்ணாச்சி. சாம்பார் பலவேசத்தின் பொறுப்பு, காய் நறுக்குவது இசக்கியப்பன், வடையும் அப்பளமும் தளவாய். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மோட்டார் சைக்கிள். யாராவது ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை இம்மி பிசகாமல் செய்து முடிப்பார்கள். ஊருக்கு அவர்களிடம் இருந்த பயமே அதுதான். ஒரு கல்யாணத்தில் மாமியார், நாத்தனார், சித்தப்பா மூன்று பேரும் தனித்தனியாக வந்து "பாயசத்துக்குச் சீனி போட்டுருங்க" என்று சொல்ல, மூன்று தடவை போட்டவர்கள் இவர்கள்.

தளவாய்க்குப் பெண் அமைந்தது பெரும்பாடு. அடுப்படியில் வேகிறவனுக்குப் பெண் இல்லை என்று பல வீடுகள் கைவிரித்த பிறகு, பனையங்காலில் லாரி ஓட்டி ஓய்ந்த ஆவுடையப்பன் தன் மகள் பகவதியைத் தர ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு கண்டிஷன் போட்டார்.

"லோடு நேரத்துக்குப் போய்ச் சேரலைன்னா வாடகை கிடையாது. மாப்பிள்ளையும் அப்படித்தான். பத்து மணி முகூர்த்தத்துக்கு நீரு மேடையில இல்லைன்னா, எங்க அக்கா மகன் இருக்கான். அவன உக்கார வச்சிருவேன், ஆமா."

அக்கா மகன் அன்றைக்கே வேட்டிக்குக் கஞ்சி போட்டு வைத்துவிட்டான். தளவாய்க்கோ பகவதியை விட்டுக்கொடுக்க மனமில்லை. பெண் பார்க்கப் போன அன்று அவன் சுட்டுக்கொண்டு போன உளுந்து வடையைத் தின்றுவிட்டு, "இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டவள் அவள். அதிலிருந்து அவனுக்குத் தூக்கமே இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் உள்ளூரில் ஒரு காதுகுத்து. அப்பளத்துக்கு வேறு ஆள் இல்லையென்று மாப்பிள்ளையே இருந்து பொரித்துக் கொடுத்தான். உறவு சனம் சாயங்காலமே வேனில் போய்விட்டது. விடிந்ததும் நாலு பேரும் குளித்து, புது வேட்டி கட்டி வண்டியைக் கிளப்பினார்கள். அது ஈயம் பூசாத பாத்திரத்தைச் சுரண்டுவதுபோலச் சத்தம் போட்டது.

பக்கத்தில் ஒர்க் ஷாப் வைத்திருந்த ஞானராஜ் ஓடி வந்து குனிந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, ஆயில் தாராப் போச்சு. இதோட போனா பாதி வழியில எஞ்சின் பிடிச்சுக்கும். மாத்திட்டுப் போங்க. எனக்கு ஆத்துப் பாலத்துல ஒரு டிராக்டர் நிக்கி, நான் போணும். சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. வண்டிய ஸ்டார்ட் பண்ணி வைங்க, ஆயில் சூடானாத்தான் நல்லா இறங்கும். அடியில நட்டக் கழத்தி பழச இறக்குங்க. நட்டு முக்கியம், பத்திரமா வைங்க. மேல இந்த மூடியத் திறந்து, என் கடையில இருக்க புது ஆயில ஊத்துங்க. மூடியில குச்சி இருக்கு பாருங்க, சமதரையில வண்டிய நேரா நிறுத்தி, குச்சிய எடுத்து, துணியால துடைச்சுப் பாருங்க. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல ஆயில் நிக்கணும். அவ்வளவுதான்."

கிளம்பிப் போனவன் திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னான். "புது ஆயில் தேன் மாதிரி இருக்கும். ஓட்ட ஓட்டத்தான் கறுக்கும். கறுக்காமப் பாத்துக்கிட்டா எஞ்சினுக்கு ஆயுசு நூறு." அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் போயிருக்கக் கூடாதா.

ஐந்து நிமிட வேலை. நேரமும் நிறையக் கிடந்தது. தளவாய் பனையங்கால் இருந்த திசையை ஒருதரம் பார்த்துக்கொண்டான்.

வண்டியை ஸ்டார்ட் செய்து சற்று நேரம் உறும விட்டு அணைத்தார்கள்.

"சூடாயிட்டா?" என்றார் அண்ணாச்சி.

"எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"எண்ணெய் காஞ்சிட்டான்னு என்கிட்ட கேக்கியே, நீ சமையல்காரன்தானா? கடுகப் போடு."

இசக்கியப்பன் மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை கடுகு போட்டான். நாலு பேரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். வெடிக்கவில்லை. மறுபடி உறும விட்டு மறுபடி போட்டார்கள். அப்போதும் வெடிக்கவில்லை. அஞ்சறைப்பெட்டியில் கடுகுக் கிண்ணம் காலியானபோது பலவேசம் மெதுவாகச் சொன்னான்.

"அண்ணாச்சி, இது கடுகு வெடிக்கிற எண்ணெய் இல்ல போல. மாத்தச் சொன்னதே அதுக்குத்தான இருக்கும்."

அதில் நியாயம் இருந்தது. நட்டைக் கழற்றினார்கள். கடுகும் தாருமாகக் கீழே வைத்த சட்டியில் இறங்கியது. அண்ணாச்சி ஒரு விரலில் தொட்டு மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "எத்தன நாளு பலகாரம் சுட்ட எண்ணெய்டா இது? இத வச்சா இத்தன காலம் நம்மளச் சுமந்திருக்கு பாவம்." அவருக்கு வண்டியின் மேல் உண்மையாகவே இரக்கம் வந்துவிட்டது.

பிறகு புது ஆயில் ஒரு பாட்டிலை ஊற்றினார்கள். மேலே ஊற்ற ஊற்றக் கீழே வந்தது.

"கழுவுது," என்றார் அண்ணாச்சி. "நல்லதுதான்."

இரண்டாவது பாட்டிலும் வந்தது. "புது இடம்லா, நிக்கக் கூச்சப்படுது," என்றான் இசக்கியப்பன். மூன்றாவது பாட்டிலைத் திறக்கும்போதுதான் தளவாய், "அடியில ஒரு நட்டு இருந்துச்சே, அது எங்க?" என்று கேட்டான். பத்திரமாக வைக்கச் சொன்னதால் இசக்கியப்பன் அதை அரைஞாண் கயிற்றில் கோத்து மூன்று முடிச்சுப் போட்டிருந்தான். அவிழ்க்க வரவில்லை. கயிற்றை அறுத்து எடுத்து மாட்டினார்கள். அதற்குப் பிறகு ஆயில் கூச்சம் விட்டு உள்ளே நின்றது.

அடுத்தது சமதரை. எந்தத் தரை சமதரை என்று எப்படி அறிவது? அண்ணாச்சி ஒரு தாம்பாளத்தில் நேற்றைய ரசத்தை ஊற்றித் தெருவில் வைத்தார். ரசம் ஒரு பக்கமாக ஒதுங்கியது. ஞானராஜ் கடை வாசலில் வைத்தார்கள், பள்ளிக்கூட முற்றத்தில் வைத்தார்கள், நெல் களத்தில் வைத்தார்கள். எங்கும் ரசம் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பஞ்சாயத்து நாடக மேடையில் ரசம் அசையாமல் நின்றது. நாலு பேரும் வண்டியைத் தூக்கி மேடையில் ஏற்றினார்கள். புது வேட்டி நாலும் பழைய வேட்டி ஆயின.

அண்ணாச்சி குச்சியை எடுத்தார். துணியால் நன்றாகத் துடைத்தார். பார்த்தார்.

"ஒரு சொட்டு இல்லியேடா."

பாட்டிலில் மிச்சம் இருந்ததை ஊற்றினார்கள். குச்சியை எடுத்து, துடைத்து, பார்த்தார்கள். பளபளவென்று வெறும் கம்பி. இன்னொரு பாட்டில் ஊற்றித் துடைத்துப் பார்த்தார்கள். அப்போதும் வெறும் கம்பிதான். ஞானராஜ் கடையில் இருந்த பாட்டில்கள் ஒவ்வொன்றாக மேடைக்கு வந்தன. கடைசிப் பாட்டிலில் ஆயில் வாய் நிரம்பி வண்டியின் விலாவில் வழிய ஆரம்பித்தது.

"அண்ணாச்சி, வழியுதே," என்றான் பலவேசம்.

"வழியுதது உன் கண்ணுக்குத் தெரியுது. குச்சிக்குத் தெரியலியே. ஞானராஜ் குச்சியத்தான பாக்கச் சொன்னான்?"

"குச்சி பொய் சொல்லுமா?"

"கம்பிக்கு என்னடா பொய் சொல்லணும்னு ஆசை?"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆயிலில் குளித்துக்கொண்டே ஆயிலைத் தேடியவர்கள் இவர்கள்தான். பள்ளிக்கூடத்து முதல் மணி அடித்தது. தளவாய்க்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணாச்சி, அந்த அக்கா மகன் வேட்டியக் கட்டிட்டு உக்காந்திருப்பான் அண்ணாச்சி. பகவதிக்கு ஒரு வடையாவது சுட்டுக் கொடுக்க அவனுக்கு வருமான்னு கேளுங்க. வராது." சொல்லிக்கொண்டே துடைக்கும் துணியை எடுத்து மூக்கைச் சிந்தி, கண்ணையும் துடைத்துக்கொண்டான். அந்தச் சமயத்தில் அண்ணாச்சி குச்சியை எடுத்தார். துடைக்கத் துணி இல்லை. சும்மா பார்த்தார். குச்சி முழுக்க ஆயில்.

நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். அண்ணாச்சிக்குத்தான் முதலில் விளங்கியது. "மாப்பிள்ளை கண்ணீருக்கு இரங்கியிருக்குடா."

பிறகு ரசக் கரண்டியால் மொண்டு மொண்டு, மிஞ்சியதைப் பாட்டிலில் சேர்த்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். துவாரம் சிறிது, கரண்டி பெரிது. எப்படி மொண்டார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆயில் தேன் நிறத்தில் மினுங்கியது. வண்டியைக் கீழே இறக்கி, தளவாய் கிக்கரில் காலை வைத்தான்.

"எடு காலை," என்றார் அண்ணாச்சி. "ஞானராஜ் கடைசியா என்ன சொன்னான்? ஓட்டினா கறுக்கும். கறுக்காமப் பாத்துக்கிடணும். இவ்வளவு பாடுபட்டு ஊத்தினத ஒரே நாள்ல கறுக்க வைக்கவா?"

"அப்ப எப்படிப் போறது?"

"மாப்பிள்ளை வண்டியில உக்காரட்டும். நாங்க தள்ளுதோம்."

பனையங்காலுக்குப் பாதை பெரும்பாலும் இறக்கம். ஊசிக்குளத்துச் சாமிகள் புத்தி கொடுக்காவிட்டாலும் இறக்கம் கொடுத்திருந்தார்கள். தளவாய் ஹாரனை அடித்துக்கொண்டு முன்னால் வர, மூன்று பேரும் பின்னால் ஓடினார்கள். மண்டப வாசலில் வண்டி வந்து நின்றபோது அக்கா மகன் மேடையில் ஒரு காலை வைத்திருந்தான்.

ஆவுடையப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். மயிரிழையில் தப்பித்திருந்தார்கள். அவர் முகம் இளகவில்லை.

"வேட்டி என்னவே இந்தக் கோலத்துல இருக்கு?"

"ஆயில் மாத்தினோம் மாமா."

லாரிக்காரருக்குக் காது விடைத்தது. வண்டியிடம் போனார், குச்சியை எடுத்தார், துடைத்தார், மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தார். மறுபடி எதற்கு விட்டார் என்று இவர்களுக்கு விளங்கவில்லை. பெரிய மனிதர், கேட்கவில்லை.

அவர் குச்சியை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆயுசு பூரா வண்டி ஓட்டியிருக்கேன். இவ்வளவு தூரம் வந்த வண்டியில ஆயில் இப்படிச் சுத்தமா நின்னு நான் பாத்ததே இல்ல. ஒரு வண்டிய இப்படி வச்சிருக்கவன் என் மகள எப்படி வச்சிருப்பான்! ஏல, மேடைய விட்டு இறங்கு." கடைசி வாக்கியம் அக்கா மகனுக்கு.

கெட்டி மேளம் கொட்டியது. தாலி கட்டும்போது தளவாய் கையிலிருந்து ஆயில் வாடை வந்தது. பகவதி அதை மல்லிகைப்பூ வாடை மாதிரி இழுத்து மோந்தாள். லாரிக்காரர் மகள் அல்லவா.

சாயங்காலம் ஊசிக்குளத்துக்கு மறுவீடு புறப்பட்டார்கள். உறவு சனத்தோடு வேன் முன்னால் போய்விட்டது. பகவதி தளவாய்க்குப் பின்னால் உட்கார, மூன்று பேரும் தள்ளினார்கள். இப்போது ஏற்றம். ஊர் எல்லை தாண்டியதும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, வண்டி ஓடாதா?"

"நல்லா ஓடும் தாயி. ஓட்டினா ஆயில் கறுத்துரும்."

பகவதி யோசித்தாள். இவள் சிரிக்கப் போகிறாளா, இறங்கி அப்பா வீட்டுக்கு நடக்கப் போகிறாளா என்று தெரியாமல் தளவாய் பிரேக்கைப் பிடித்தான். அவள் இறங்கத்தான் செய்தாள்.

"அது சரி," என்றாள். "ஆனா இப்படி உருட்டிக்கிட்டே போனா டயர் தேயாதா?"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை காலம் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே. சுயம்புலிங்கம் அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஜாடிக்கேத்த மூடிடா தளவாய்," என்றார். நாலு பேரும் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

பாதி வழியில் ஒரு வேப்பமரத்தடியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். பகவதிக்குச் சும்மா இருக்க முடியவில்லை. மூடியைத் திறந்து குச்சியை எடுத்து, கூறைப்புடவை முந்தானையால் அழுத்தித் துடைத்துப் பார்த்தாள்.

"என்னங்க இது, ஒரு சொட்டு ஆயில்கூட இல்லியே!"

காலையில் குச்சி பண்ணின கூத்து தளவாய்க்கு ஞாபகம் இருந்தது. ஆனால் கட்டின பெண்டாட்டி முதல் முதலாகச் சொன்ன சொல்லைத் தட்ட அவனுக்கு வாய் வரவில்லை.

"ஆமா பகவதி. இல்லதான்."

"அப்ப வாங்கணுமே. கடை எங்க இருக்கு?"

"சந்தைமேட்டுல," என்றான் பலவேசம்.

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அவ்வளவு தூரம் நடந்து போக முடியுமா? வண்டியிலயே போயிருவோம். தூக்குங்கடா."