நன்னனின் பாய்

"வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டேன். ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, ஏன் தாயே?" என்றான் இளநாகன்.

அவன் அரண்மனை வைத்தியன். அவன் 'தாயே' என்றழைத்த குருவோ அவனைவிடப் பத்து வயது இளையவள். ஊரார் கேலியை இருவருமே காதில் போட்டுக்கொண்டதில்லை.

"என்ன வேலை?"

"காய்ச்சலுக்கு மருந்து வாங்கியவர்களின் ஓலைகளையும் சுடுகாட்டில் எரித்தவர்களின் ஓலைகளையும் பெயர் பார்த்துச் சேர்த்தேன். சாவு அதிகமான தெருவுக்கு மன்னர் கூடுதல் மருந்து தருவார்."

"உப்பளத் தெரு?"

"அங்கே ஒருவரும் சாகவில்லை. மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன்."

"மருந்து வாங்கிய யாரோடும் பெயர் சேராத சுடுகாட்டு ஓலைகள்?"

"வெளியூர்க்காரர்களாக இருக்கும். மூட்டை கட்டிவிட்டேன்."

"உப்பளத் தெருவில் யாரையாவது கேட்டாயா?"

"ஓலை இருக்கும்போது ஆளை எதற்குக் கேட்க வேண்டும்?"

குரு எழுந்தாள். "எல்லா ஓலைகளையும் எடு."

இருவரும் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயிலில் உப்பளத் தெரு வெளுத்துக் கிடந்தது. யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கைதட்டித்தான் அழைத்தார்கள்.

முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். இளநாகன் மருந்து ஓலையில் இருந்த பெயரைச் சொல்லிக் கேட்டான்.

"அம்மா, தவிடன் நலமா?"

"எம் புள்ள உள்ளதான் படுத்திருக்கான்."

எட்டிப் பார்த்தான். ஒரு பாயில் சிறுமி ஒருத்தி காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பாயில் யாருமே இல்லை. அதன் தலைமாட்டில் இருந்த கஞ்சியில் ஆவி பறந்தது.

"யாரும் இல்லையே அம்மா!"

"மெதுவாப் பேசுங்க சாமி. காய்ச்சல் கண்டா நாங்க பேரை மாத்திடுவோம், மருந்தும் புதுப் பேருலதான் வாங்குவோம். எமன் பழைய பேரைத்தானே தேடி வருவான்? அப்படியும் வந்துட்டான். எரிக்கும்போது பெத்தவங்க வெச்ச பேரைத்தான் சொல்லணும். நன்னன் போயிட்டான். தவிடன் சாகலை."

இளநாகன் மூட்டையை அவிழ்த்தான். நன்னன் என்ற ஓலை மேலாகவே இருந்தது.

தெருவை நிமிர்ந்து பார்த்தான். வீட்டுக்கு வீடு, திறந்த கதவுக்குள் ஆளில்லாத பாய் விரித்துக் கிடந்தது.

திரும்பிப் பார்த்தான். குரு தவிடனின் மருந்து ஓலையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

அவன் அந்தப் பெண்ணின் முன் மண்டியிட்டு, இரண்டு ஓலைகளையும் அவள் கையில் வைத்தான்.

"இந்த இரண்டு பெயரும் ஒருவனுடையதுதான் என்று எழுதினால் இந்தத் தெருவுக்கு மருந்து வரும். ஆனால் தவிடனும் இறந்தவன் ஆவான். நீங்கள் சம்மதித்தால்தான் எழுதுவேன்."

அவள் அனத்தும் மகளைப் பார்த்தாள். வெறும் பாயைப் பார்த்தாள்.

"உங்க ஓலையில இத்தனை நாள் அவன் உசுரோட இருந்தானா சாமி?"

"இருந்தான் அம்மா."

அவள் குனிந்து பாயைச் சுருட்டத் தொடங்கினாள்.